இடிச்சுட்டுக் கட்டப் போறியாக்கும்?

வாலே பேராண்டி. அரட்டைக்குப் புது புரோட்டோகால் எழுதுதியாமே? பேரு வச்சாச்சு, லோகோ போட்டாச்சு, சட்டையில அச்சடிச்சும் ஆச்சாம். பழசுல ஒரு துரும்பும் மிஞ்சக் கூடாதாமே? நல்லது. பெறவு யாருகூடலே பேசுவ? நீயும் ஒன் செர்வருமா?

ஐஆர்சின்னு பழைய அரட்டை புரோட்டோகால் ஒண்ணு உண்டு, கேட்டியா. 1988-ல பின்லாந்துக்காரரு யார்க்கோ ஓய்கரினென் ஆரம்பிச்சது. 1993-ல விதி எழுதினாவ. வரிக்கு 512 பைட்டு, அம்புட்டுதான். யுடிஎஃப்-8-ல 'வணக்கம்'னாலே 21 பைட்டு போயிரும். நம்ம சனம் கும்பிட்டு, சாப்ட்டியளான்னு விசாரிச்சு, விசயத்துக்கு வாரதுக்குள்ள வரி அறுந்துரும். இன்னொரு கூத்து: பேருக்குப் பின்னால சதுர அடைப்பு போட்டாலும் சுருள் அடைப்பு போட்டாலும் ஒரே ஆளுதான். அவுக ஊரு பழைய எழுத்து வரிசையில அந்தக் குறிக எடத்துல புள்ளியோ வளையமோ வச்ச எழுத்தோட பெருசும் சிறுசும் உக்காந்திருந்துச்சு. இன்னைக்கும் பல செர்வர்ல அந்த வழக்கம் போகல.

இதைத் திருத்த வந்த ஐஆர்சிவி3 ஆளுக இடிச்சாவளா? இல்ல. கிளையண்ட் உள்ள நுழையும்போதே 'கேப் எல்எஸ்'னு ஒரு கேள்வி போடும்: ஒனக்கு என்னென்ன புதுசு தெரியும்? புது செர்வர் பட்டியல் குடுக்கும். பழசு 'அப்படி ஒரு கட்டளையே தெரியாது'ங்கும், இல்ல பேசாம இருக்கும். சண்டை உண்டா? கெடையாது, பழையபடி வேலை நடக்கும். மருமவ 'மிக்சி இருக்கா அத்தை'ன்னு கேட்டு, மாமியா முழிச்சா, அம்மியில அரைச்சுட்டுப் போற கதைதான். அனுப்பின நேரம் மாதிரி புதுச் சேதியெல்லாம் வரிக்கு முன்னால ஒட்டாக வரும். அதுவும் கேட்டவனுக்கு மட்டுந்தான். 512 அப்படியே கெடக்கு.

அதுக்காவ எல்லாத்துக்கும் தலையாட்டுவியா? ஐஆர்சியோட மறையாக்கம் இல்லாத 6667 போர்ட்ல கடவுச்சொல்லு அப்பட்டமாப் போகுது. பழைய ஆளு கோவிப்பாவளேன்னு இதுக்கும் எடம் குடுத்தா, நடுவுல நிக்கிற களவாணி 'இங்க டிஎல்எஸ் மறையாக்கம் கெடையாது'ன்னு புளுவி, நம்மாளை அந்தப் பக்கமே தள்ளிருவான். அதுக்குத்தான் ஐஆர்சிவி3-ல எஸ்டிஎஸ்னு ஒரு விதி: மறையாக்கம் உண்டுன்னு ஒருக்கா தெரிஞ்சா, குடுத்த கெடு முடியுதமட்டும் கிளையண்ட் 6667 பக்கம் தலை வச்சும் படுக்காது.