இரண்டே முக்கால் சென்ட்: துடியலூர்த் தேற்றத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கலப்புப் பின்னம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துபோன சங்கதி என்று கருதுவோர் மேட்டுப்பாளையம் சாலையில் சைட் பார்த்ததில்லை. கவுண்டம்பாளையம் தாண்டித் துடியலூருக்குள் நுழைந்துவிட்டால் நிலம் முழு எண்ணில் அகப்படுவது அரிது. "ரெண்டே முக்கா சென்ட்டுங்ணா, வடக்குப் பாத்த சைட்டு" என்பார் புரோக்கர். பட்டாவில் ஹெக்டேர் இருக்கும், பத்திரத்தில் சதுர அடி வரும், வாயில் மட்டும் சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆகவே இரண்டே முக்கால் சென்ட் 1,197.9 சதுர அடி. இதில் மனிதருக்குள் கருத்து வேறுபாடு இல்லை; கருவிகளுக்குள் உண்டு.

அமெரிக்காவிலிருந்து மருமகன் பெட்டியில் வந்திறங்கிய டிஐ-84 பிளஸ்ஸை முதலில் ஆராய்வோம். பரவளையம் வரையும், சைன் அலை வரையும். ஆனால் 2 அழுத்தி, ஒட்டினாற்போல் அடைப்புக்குறிக்குள் 3/4 இட்டால், விடை 1.5. இயற்கணிதத்தில் ஒட்டி நின்றால் பெருக்கல், கலப்புப் பின்னத்தில் ஒட்டி நின்றால் கூட்டல். கருவி இயற்கணிதத்தின் கட்சி. முறையான வழியும் இருக்கிறது. ஆல்பா விசையை அழுத்திவிட்டு மேல்வரிசையின் ஒய் விசையை அழுத்தினால் ஒரு பட்டியல் திறக்கும். அதன் இரண்டாம் வரி கலப்புப் பின்னத்துக்கே உரியது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் சைட்டுக்கு வேறு பார்ட்டி அட்வான்ஸ் கொடுத்திருப்பார்.

அடுத்தது மளிகைக் கடை மேசைக் கால்குலேட்டர். 2 + 3 ÷ 4 என்று தட்டினால் 1.25 என்கிறது. வந்த வரிசையில் கணக்குப் போடும் கருவி அது. வகுத்தலுக்கு முன்னுரிமை என்ற நியாயமெல்லாம் அதனிடம் செல்லாது. கேசியோ எஃப்எக்ஸ்-82எம்எஸ்ஸில் பின்னத்துக்கென்றே தனி விசை உண்டு: 2, விசை, 3, விசை, 4. மூன்றில் யோக்கியமானது அதுதான். ஆனால் வீட்டில் பையன் அதைக் காலேஜுக்கு எடுத்துப் போயிருப்பான்.

நம் முன்னோருக்கு இந்த வம்பே இல்லை. முக்காலுக்கு ஒரே குறி, மாவுக்கு (1/20) ஒன்று, முந்திரிக்கு (1/320) ஒன்று. மேலே, கீழே, கோடு எதுவும் கிடையாது. இரண்டை எழுதிப் பக்கத்தில் முக்கால் குறியை இட்டால் காரியம் தீர்ந்தது. அக்குறிகளை யூனிகோடு 2019இல்தான் சேர்த்துக்கொண்டது. விசைப்பலகையில் இடம் கொடுப்பாரைக் காணோம்.

இனி இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு. டிஐயின் தவறான விடை 1.5. மளிகைக் கடையின் தவறான விடை 1.25. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 2.75! இதைத் தற்செயல் என்று ஒதுக்குவோர் ஐந்தரை சென்ட்டில் சோதிக்கலாம். 5 × 1/2 என்றால் 2.5, (5 + 1) ÷ 2 என்றால் 3, கூட்டினால் ஐந்தரை. பின்னத்தின் கீழெண் மேலெண்ணைவிடச் சரியாக ஒன்று கூடுதலாக இருந்தால் போதும், இரு பிழைகளும் சேர்ந்து உண்மையாகிவிடும். இதையே துடியலூர்த் தேற்றம் என்கிறோம். ஐயமுள்ளோர் முழு எண்ணை அ என்றும் பின்னத்தை ஆ/(ஆ+1) என்றும் வைத்துத் தாமே நிறுவிக்கொள்க. அரைப்பக்கத்துக்கு மேல் போகாது.

ஆக, அரைக்கும் முக்காலுக்கும் இரண்டு தப்பான கால்குலேட்டர்கள் ஒரு சரியான கால்குலேட்டருக்குச் சமம். தேற்றம் காலிடம் மட்டும் தோற்கிறது. மூன்றேகால் சென்ட்டுக்கு 0.75உம் 1உம் வந்து, கூட்டினால் 1.75தான் தேறும். ஒன்றரை சென்ட், அதாவது 653.4 சதுர அடி, காற்றில் போய்விடும். ஆகவே கால் சேர்ந்த சைட் வாங்குவோர் மளிகைக் கடைக் கால்குலேட்டரில் வாலிலிருந்து தலைக்கு வரவேண்டும்: 1 ÷ 4 + 3 × 435.6. விடை 1,415.7 என்று வரும். அதே வரிசையை மருமகனின் டிஐயில் தட்டிவிடாதீர்கள், அது 1,307.05 என்று சொல்லும்.