தெரு குரூப் அட்மின்

கீழ்புத்துப்பட்டில் எனக்கும் ஒரு பதவி உண்டு. எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பின் அட்மின். சம்பளம் கிடையாது, மரியாதையும் அவ்வளவாகக் கிடையாது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் திட்டு மட்டும் நேராக எனக்கு வரும்.

2022-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா போடும் வழக்கம் இனி வேண்டாம், அறிவியல் வளர்ந்துவிட்டது, வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னால் போதும் என்று எழுதினார். நல்ல சேதியாயிற்றே என்று வீட்டுக்காரம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அதை நிறுத்தினது சரிதாங்க. உங்களை எப்ப நிறுத்துவாங்க?" என்றாள்.

கார்த்திகையில் எங்கள் குரூப் களைகட்டும். மரக்காணம் உப்பளத்தில் அப்போது வேலை இருக்காது, பாத்தியெல்லாம் ஒரே வெள்ளக்காடு. கை சும்மா இருக்கும். சும்மா இருக்கிற கையில் போன் இருக்கும். அப்படி ஒரு கார்த்திகையில்தான், 2024 நவம்பர் 30 அன்று, ஃபெஞ்சல் புயல் எங்களைப் பார்த்து வந்தது.

ராத்திரி ஒன்பது மணி இருக்கும். யாரோ யாருக்கோ அனுப்பி, எங்கெங்கோ சுற்றி, ஒரு குரல் பதிவு என்னிடம் வந்து சேர்ந்தது. புயல் கரையைக் கடந்துவிட்டதாம். பேசியவர் குரலில் அப்படியொரு கம்பீரம். கம்பீரமாகப் பேசுகிறவர் பொய் சொல்லமாட்டார் என்று சின்ன வயதிலிருந்து எனக்கொரு நம்பிக்கை. அதனாலேயே இரண்டு சீட்டுக்கம்பெனியில் பணம் போட்டிருக்கிறேன். உடனே தட்டினேன்: "ஆபத்து நீங்கியது. அனைவரும் நிம்மதியாக உறங்கவும். இப்படிக்கு, அட்மின்." சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் மகனுக்கும் ஒரு காப்பி. இரண்டு டிக் விழுந்தது. கரண்ட் போனது.

புயல் அதற்கப்புறம்தான் வந்தது. பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் புதுச்சேரி பக்கம் கரையேறியது. ஏறியதும் போகவும் இல்லை. மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி அதே இடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்துகொண்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை.

மெசேஜை அழித்துவிடலாம் என்றால் டவர் இல்லை. திண்ணையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அதன்மேல் ஏறி, ஒரு கையில் குடை, ஒரு கையில் போனை உயர்த்திப் பிடித்து சிக்னல் தேடினேன். முதலில் குடை போனது. அடுத்து நாற்காலி, என் காலுக்கடியிலிருந்து.

வீட்டுக்காரம்மா பேசாமல் பின்கட்டுக்குப் போய் மதில்மேல் எக்கி நின்று கூவினாள். "அக்கோவ்! எங்க வீட்டுக்காரர் போட்டது பொய்யி! முருங்க மரம் சாயுது, மாட்ட அவுத்து வுடுங்க!" அந்த அக்கா அடுத்த மதிலில் கூவ, அவர் அதற்கடுத்த மதிலில். தெருக்கோடி வரை ஐந்தே நிமிஷம். காற்றோடு காற்றாக "பொய்யி, பொய்யி" என்று என் புகழ் பரவுவதை நானே கேட்டேன்.

அதைக் கேட்டதும் நல்லவாடு ஞாபகம் வந்தது. 2004 சுனாமியன்று புதுச்சேரிக்குத் தெற்கே அந்த ஊரில், சிங்கப்பூரில் வேலைபார்த்த ஒரு பிள்ளை ஊருக்கு போன் போட்டுச் சொல்ல, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையத்தில் அலை நிலவரம் சொல்ல வைத்திருந்த ஒலிபெருக்கியிலேயே கத்தி, ஜனங்களை மேட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். ஊரே பிழைத்தது. சிங்கப்பூரிலிருந்து ஒரு போன், ஒரு குழாய் ஸ்பீக்கர், அவ்வளவுதான். இருபது வருஷம் கழித்து, அத்தனை வசதியும் கையில் வைத்துக்கொண்டு, இங்கிருந்து சிங்கப்பூருக்கு நான் அனுப்பியது தாலாட்டு.

மச்சான் மகன் அதை நம்பித் தூங்கி, காலையில் டிவியைப் பார்த்து அலறியிருக்கிறான். லேண்ட்லைனுக்கு அடித்துப் பார்த்தானாம். அதைத் தண்டச் செலவு என்று நான் எடுத்துவிட்டு அப்போதே மூன்று வருஷம் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் சிக்னல் வந்தது. நாற்பத்தோரு தவறிய அழைப்பு, எல்லாம் சிங்கப்பூர். முதல் வேலையாக மெசேஜை எல்லோருக்கும் சேர்த்து அழிக்கப் போனேன். அதற்கு ரெண்டரை நாள்தான் கெடுவாம், காலையிலேயே முடிந்திருந்தது. இப்போது என் போனில் மட்டும்தான் அழிக்கலாம்.

அதற்குக் கீழே எதிர்வீட்டுக்காரர் அப்போதுதான் ஒரு கட்டைவிரல் போட்டிருந்தார். தலைக்குமேல் ஓடு இல்லாததால், அவர் போடுவதை எங்கள் மாடியிலிருந்தே பார்க்க முடிந்தது.