எமனின் வாசிப்புத்திறன்: குப்புசாமி முதலிய பெயர்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பெயர் எதற்கு என்று கேட்டால், கூப்பிடத்தான் என்று சின்னப்பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் தமிழ்ப் பெயர்களில் ஒரு கூட்டம் அதற்காக வைக்கப்பட்டதே அல்ல. எமன் ஒருவன் படிப்பதற்காகவே வைக்கப்பட்டது என்பது இவ்வாய்வின் கருதுகோள். குப்புசாமி, குப்பாயி, பிச்சை, மூக்கன், மண்ணாங்கட்டி ஆகியோர் நமது முதன்மைத் தரவுகள்.

எமலோக நிர்வாகத்தை முதலில் பார்த்துவிடுவோம். கணக்கு எழுதுபவர் சித்திரகுப்தர். காஞ்சிபுரத்தில் அவருக்குத் தனிக்கோயிலே உண்டு. கையில் ஏடும் எழுத்தாணியுமாக வீற்றிருக்கிறார். ஆளைப் பிடித்துவரப் போகிறவன் எமன். எழுதுகிறவர் களத்துக்கு வருவதில்லை; களத்துக்கு வருகிறவன் எழுதுவதில்லை. எந்த ஆபீசிலும் கோளாறு பிறக்கிற சந்து இதுதான். நம் பாட்டிமார் புகுந்ததும் இந்தச் சந்தில்தான்.

அடுத்தடுத்துப் பிள்ளைகள் தவறிப்போன வீட்டில் மறுபடி ஒன்று பிறந்தால், குப்பையில் ஒரு புரட்டுப் புரட்டுவார்கள். அல்லது முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி தற்செயலாக வருகிறவள்போல வந்து, "அடி ஆத்தே, யாரு பெத்த புள்ளையோ கெடக்குது!" என்று தூக்கிக்கொள்வாள். பெற்றவள் தவிடு கொடுத்து அவளிடம் பிள்ளையை வாங்குவாள். விலை தவிடு என்பதைக் கவனிக்கவும். மாட்டுக்கு வைக்கிற தவிட்டுக்குக் கைமாறிய சரக்கை எமன் சீந்தமாட்டான் என்பது கணக்கு. குப்பு என்ற பெயர் அந்தக் கிரயத்துக்கு எழுதிய பத்திரம்.

ஆக, எமன் அருவருப்பு மிக்கவன். விற்பனையை அப்படியே நம்புகிறவன். ஆண் பெண்கூடச் சரிபார்ப்பதில்லை என்பதற்கு மூக்கன் சாட்சி: பையனுக்கு மூக்குக் குத்திவிட்டால், தேடிவந்த ஆண்பிள்ளை இதுவல்ல என்று எருமையைத் திருப்பிவிடுவானாம்.

தமிழ்நாட்டு எமன் மட்டும்தான் ஏமாளியோ என்ற ஐயம் எழலாம். இல்லை. மங்கோலியாவில் 'நெர்குய்' என்று பெயர் வைப்பார்கள். பெயரில்லை என்று பொருள். 'எனெபிஷ்' என்றும் உண்டு; இது அல்ல என்று பொருள். பட்டியலோடு வருகிறவன் என்னதான் செய்வான்? ரோமர் ஆட்சிக்கால எகிப்தின் பாப்பிரஸ் ஏடுகளில் சாணம், குப்பை என்ற சொல்லடியாகப் பிறந்த கொப்ரியாஸ் என்பவர்கள் வருகிறார்கள். குப்பைமேட்டில் கண்டெடுத்த பிள்ளைகள் என்பர் ஒரு சாரார். பெயரே காப்பு என்பர் மற்றொரு சாரார். தவிட்டு விற்பனையைப் பார்த்திருந்தால் இரு சாராரும் சமாதானமாகியிருப்பார்கள். நைஜீரியாவின் யொருபா மக்கள் எமனை நம்பி உட்காரவில்லை. பிறந்து பிறந்து இறக்கும் பிள்ளையிடமே பேசிவிடுகிறார்கள். 'மாலோமோ' என்றால், இனிமேல் போகாதே.

பிச்சை என்ற பெயரைத் தனியே சொல்ல வேண்டும். சாமியிடம் மடியேந்தி வாங்கியது என்றும் கொள்ளலாம், எமன் முகம் சுளிக்கட்டும் என்றும் கொள்ளலாம். மதுரையில் பிறந்த ஒரு பிச்சை 2015இல் கூகுளின் தலைவரான பிறகு, இரண்டாம் பொருள் வலுவிழந்துவிட்டது.

இந்த வரிசையில் போதும்பொண்ணு, வேண்டாம் என்ற பெயர்களையும் சேர்ப்பவர்கள் உண்டு. சேர்க்கக் கூடாது. குப்பாயி என்பது குப்பாயியைக் காப்பாற்ற வைத்த பெயர். போதும்பொண்ணு என்பது இனிப் பிறக்கப்போகிற தம்பிக்காக வைத்த பெயர். அவள் வெறும் தபால்காரி. பள்ளிக்கூட வருகைப்பதிவில் தினமும் அந்தக் கடுதாசியை உரக்க வாசிப்பார்கள், அவள் எழுந்து 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும். போதும்பொண்ணுக்குப் பிறகும் தங்கைகள் பிறந்த வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு. இதில் எமனின் அறியாமையை ஆராய எதுவும் இல்லை.

குப்புசாமிகள் அருகிவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை 13. தடுப்பூசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் வந்தபின் எமனை ஏமாற்றும் வேலை நர்சம்மாவிடம் போய்விட்டது. பெயரை இப்போது படிப்பவர் எண்கணித ஜோதிடர். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப்பார்த்து, ஒரு 'எச்'சும் ஒரு 'ஏ'வும் கூடுதலாகப் போடச் சொல்கிறார். அப்படி வைத்த பெயர் குப்புசாமித் தாத்தாவின் வாயில் நுழைவதில்லை. "டேய் குப்பு" என்றே பேரனைக் கூப்பிடுகிறார். அவனும் ஓடி வருகிறான். மருமகளுக்குத்தான் மனத்தாங்கல்: ஜோதிடருக்குக் கொடுத்த காசு வீண்.