விலை ஏறாத ஒரே சரக்கு

2019 மார்ச்சில் எங்கள் தெருமுனைக் கடையில் டீ 10 ரூபாய். இப்போது 15. வெங்காயம், பெட்ரோல், பள்ளிக்கூடக் கட்டணம், செத்தவருக்குப் போடும் மாலை என்று எதைத் தொட்டாலும் ஏறித்தான் கிடக்கிறது. இத்தனை வருடத்தில் பைசா ஏறாமல் நிற்கும் சரக்கு ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. பாலியல் கொடுமைக்குப் புகார் கொடுத்த பெண்ணின் பெயர். அதை அரசாங்கமே ஊருக்குச் சொல்லிவிட்டால் 25 லட்சம் ரூபாய். பொள்ளாச்சி பாலியல் வழக்கில் புகார் கொடுத்த பெண்ணுக்கு 2019ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை போட்ட தொகை அது. அண்ணா பல்கலைக்கழக மாணவிக்கு 2024 டிசம்பரில் சென்னையில் போட்ட இடைக்கால இழப்பீடும் அதே 25 லட்சம்தான். நடுவில் ஆட்சி மாறியது, முதலமைச்சர் மாறினார், தண்டனைச் சட்டத்தின் பெயர்கூட மாறியது. ரேட் மாறவில்லை.

நீதிமன்றத்தைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே போகாவிட்டால் அதுவும் கிடைத்திருக்காது. என் கேள்வி வேறு. அந்தப் பணம் யார் பாக்கெட்டிலிருந்து போகும்? பெயரைச் சொன்ன அதிகாரியின் சம்பளத்திலிருந்தா? அரசு கொடுக்க வேண்டும் என்றால் முதலில் நீங்களும் நானும் கட்டிய வரியிலிருந்துதான்.

பொள்ளாச்சியை மறந்திருப்பீர்கள். ஒரு தடவை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். புகார் கொடுத்த கொஞ்ச நாளில் அந்தப் பெண்ணின் அண்ணனை அடித்தார்கள். அதற்குப் பிறகு மாவட்ட போலீஸ் கண்காணிப்பாளர் பத்திரிகையாளர்களைக் கூட்டி வைத்து, மைக் முன்னால், பெண்ணின் பெயரைச் சொன்னார். சரி, வாய் தவறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து வழக்கை சிபிஐக்கு மாற்றி ஓர் அரசாணை வந்தது. அதில் பெண்ணின் பெயர், படிக்கும் கல்லூரி, அண்ணன் பெயர், எல்லாம் அச்சில் இருந்தன. ரேஷன் கார்டு நகலை இணைக்கத்தான் மறந்துவிட்டார்கள். அரசாணை என்பது வாய் தவறி வருகிற சமாச்சாரமா? பிரிவில் எழுதி, பிரிவு அலுவலர் பார்த்து, சார்புச் செயலாளர் பார்த்து, மேலே போய் கையெழுத்தாகி வருவது. நம் ஓய்வூதிய மனுவில் ஒரு முதலெழுத்து தப்பாக இருந்தால் மூன்று மாதம் கழித்துத் திருப்பி அனுப்பத் தெரிந்த தலைமைச் செயலகத்தில், இந்தப் பெயர் ஒருத்தர் கண்ணையும் உறுத்தவில்லை. பெயரை வெளியிட்டால் இரண்டு வருடம் வரை ஜெயில் என்று அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டம் 228ஏ பிரிவு சொன்னது. உங்களுக்கும் எனக்கும்தான் சொன்னது போலிருக்கிறது.

அண்ணா பல்கலைக்கழக வழக்கில் டெக்னாலஜி வளர்ந்துவிட்டது. மைக் தேவைப்படவில்லை. கோட்டூர்புரம் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பதிவான எஃப்ஐஆர் போலீஸ் இணையதளத்திலேயே கிடைத்தது. எஃப்ஐஆர்களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது உண்மை. பாலியல் குற்ற எஃப்ஐஆர்களை ஏற்றக் கூடாது என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். ஏற்றினார்கள். ஏன் என்று கேட்டால், பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு மாறியபோது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். புதிய சட்டம் அமலுக்கு வந்தது ஜூலை 1. இது நடந்தது டிசம்பர் கடைசி. ஆறு மாதமாகக் கதவு தாழ்ப்பாள் இல்லாமல் கிடந்ததா, இந்த வீட்டுக்கு மட்டும் அன்றைக்குக் கழன்றதா? அந்த எஃப்ஐஆர் எழுதப்பட்டிருந்த தோரணையோ இன்னும் மோசம். படிக்கிறவனுக்குப் பெண்மேல்தான் சந்தேகம் வரும். நீதிபதிகளே அதைக் கண்டித்தார்கள்.

அதற்குள் அது வாட்ஸ்அப்பில் கிளம்பிவிட்டது. குடும்பக் குழு, அபார்ட்மெண்ட் குழு, பழைய மாணவர் குழு. "பாவம் அந்தப் பொண்ணு" என்று மேலே ஒரு வரி, அழுகிற முகம் இரண்டு, கீழே அவள் பெயரும் விலாசமும் உள்ள தாள். என் போனுக்கே இரண்டு பேர் அனுப்பினார்கள். இரண்டு பேருமே பெண்ணைப் பெற்றவர்கள்.

போலீஸும் சும்மா இருக்கவில்லை. மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை நீதிமன்றம் அமைத்தது. எஃப்ஐஆர் கசிந்த விஷயத்தைத் துருவிய அந்தக் குழு, பத்திரிகையாளர்களை வரவழைத்து அவர்களுடைய செல்போன்களைப் பிடுங்கி வைத்துக்கொண்டது. வீட்டுக்காரன் கதவைத் திறந்துபோட்டுவிட்டு, தெருவில் போனவன் சட்டைப்பையைத் துழாவிய கதை. ஒரு பெண்ணின் அந்தரங்கம் போனதற்குப் பரிகாரம், இன்னும் நாலு பேர் அந்தரங்கத்தை எடுத்துக்கொள்வது! ஒரு நிருபரின் போனில் என்ன இருக்கும்? அவரை நம்பித் தகவல் சொன்ன கான்ஸ்டபிள் நம்பர் இருக்கும், புலம்பிய குமாஸ்தா நம்பர் இருக்கும், மனைவியின் மருத்துவ ரிப்போர்ட்டும் இருக்கும். திருப்பிக் கொடுங்கள், தொந்தரவு செய்யாதீர்கள் என்று 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

இதெல்லாம் புதிய காலத்துக் குழப்பம், சட்டம் இன்னும் தெளியவில்லை என்று டிவி விவாதத்தில் பேசுவார்கள். பொய். தெளிந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது, அதுவும் தமிழ்நாட்டு அரசே கட்சிக்காரராக நின்ற வழக்கில். தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் செங்கல்பட்டுச் சிறையில் தன் கதையை எழுதினான். அதை 'நக்கீரன்' பத்திரிகை வெளியிடப் போனது. பெரிய அதிகாரிகளோடு அவனுக்கிருந்த பழக்கமெல்லாம் அதில் இருந்ததாகப் பேச்சு. வெளியிட்டால் நடவடிக்கை என்று சிறைத்துறைத் தலைவரே கடிதம் எழுதினார். விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது: ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு, தீர்ப்பு 1994 அக்டோபர் 7. தீர்ப்பின் சாரம் சின்னது. அச்சுக்குப் போகும் முன்பே தடுக்க அரசுக்கும் அதிகாரிக்கும் அதிகாரம் கிடையாது. அதிகாரி தன் பணியில் செய்ததற்கு அந்தரங்கம் என்று போர்வை போர்த்த முடியாது. ஆனால் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயர், அரசு ஆவணத்திலேயே இருந்தாலும், ஊடகத்தில் வரக் கூடாது.

வழக்கில் தோற்றவர்கள் தீர்ப்பைக் கவனமாகப் படித்திருக்கிறார்கள். பிறகு தலைகீழாக நடைமுறைப்படுத்திவிட்டார்கள்.

தலைகீழ் என்பதற்கு நெல்லைதான் சாட்சி. 2017 அக்டோபர் 23, கலெக்டர் அலுவலக வாசல். கந்துவட்டிக் கொடுமை பற்றி மனு மேல் மனு கொடுத்து ஓய்ந்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு குழந்தைகளோடு தீ வைத்துக்கொண்டார். அதைப் பார்த்துக் கொதித்த கார்ட்டூனிஸ்ட் பாலா ஒரு படம் போட்டார்: எரியும் குழந்தை, சுற்றிலும் முதலமைச்சர், கலெக்டர், போலீஸ் கமிஷனர், உடம்பில் துணியில்லாமல், ரூபாய் நோட்டால் மறைத்துக்கொண்டு. கலெக்டர் புகார் கொடுத்தார். இரண்டே வாரத்தில் போலீஸ் நெல்லையிலிருந்து சென்னை வரை வந்து, வீட்டில் வைத்து ஆளைத் தூக்கியது. அவதூறோடு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67வது பிரிவும் சேர்த்தார்கள். ஆபாசமாம். தொழிலாளியின் மனு அதே அலுவலகத்தில் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போகவில்லை. கலெக்டரின் மனு அறுநூறு கிலோமீட்டர் ஓடியது. நம் ஊரில் சைபர் போலீஸுக்கு வேகமில்லை என்று யார் சொன்னது?

அவதூறு என்பது 1860ஆம் வருஷத்துச் சரக்கு, மெக்காலே வடித்துக் கொடுத்தது. இங்கிலாந்துக்காரன் தன் ஊரில் குற்ற அவதூறை 2009ல் குழி தோண்டிப் புதைத்துவிட்டான். நாம் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356 என்று புது நம்பர் கொடுத்துக் கும்பாபிஷேகம் செய்திருக்கிறோம். சொன்னது உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது, பொதுநன்மைக்காகச் சொன்னேன் என்றும் நிரூபிக்க வேண்டும். மந்திரிக்கு மானம் போனால் அவர் வக்கீல் தேட வேண்டியதில்லை, அரசு வழக்கறிஞரே நேராக செஷன்ஸ் கோர்ட்டில் போடுவார், செலவு நம்முடையது. ஜெயலலிதா ஆட்சியில் ஐந்து வருடத்தில் இருநூறுக்கும் மேல் போட்டார்கள். நற்பெயரும் உயிர்வாழும் உரிமையில் சேர்த்தி என்று 2016 மே மாதம் சுப்ரீம் கோர்ட் இந்தச் சட்டத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது. ஆக, மந்திரியின் பெயர் என்றால் உயிர். புகார் கொடுத்தவளின் பெயர் என்றால் தொழில்நுட்பக் கோளாறு.

டெல்லி இதைவிட நயமான இடம். அந்தரங்கம் அடிப்படை உரிமையே இல்லை என்று மத்திய அரசு சுப்ரீம் கோர்ட்டில் வாதாடியது. 2017 ஆகஸ்ட் 24ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக உரிமைதான் என்றார்கள். ஆறு வருடம் கழித்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. யாருக்குப் பாதுகாப்பு என்று 44வது பிரிவைப் பார்த்தால் தெரியும். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை அது திருத்திவிட்டது. பொதுப்பணியோடு சம்பந்தமில்லாத சொந்த விவரத்தை மறுக்கலாம் என்றிருந்தது, இனி தனிநபர் விவரம் என்றாலே மறுக்கலாம் என்றாகிவிட்டது. பொதுநலனுக்காகக் கொடுக்கலாமே, 8(2) இருக்கிறதே என்பார்கள். கொடுக்கலாம், ஒளிக்க வேண்டியவரே மனது வைத்தால். 2025 நவம்பரில் விதிகள் வந்த கையோடு இந்தத் திருத்தம் அமலாகிவிட்டது. உங்கள் தரவைக் காக்கும் முக்கியப் பிரிவுகளுக்கு 18 மாதம் அவகாசம். 1994ல் கோர்ட்டில் தோற்றுப்போன சிறைத்துறைக் கடிதம், பார்லிமெண்ட் வழியாகச் சுற்றி வந்து ஜெயித்துவிட்டது.

அற்பப் புகார் கொடுத்தால் நமக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. போன வாரம் பஜ்ஜி மடித்துத் தந்த தாளைப் பிரித்தால், யாரோ ஓர் அம்மாவின் ஆதார் நகல், முகத்தில் எண்ணெய் வழிய. சட்டம் டிஜிட்டல் தரவுக்குத்தான். பஜ்ஜிக்குச் செல்லாது.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன், எழுதவே கை கூசுகிறது. 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞர் தன் அந்தரங்க வீடியோ இணையத்தில் பரவுவதை நிறுத்தச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் போனார். 48 மணி நேரத்தில் நீக்கு என்று நீதிபதி மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். போலீஸ் விசாரணை எப்படி நடந்தது என்பதும் அங்கே வெளிவந்தது. அடையாளம் காட்டுவதற்காக என்று சொல்லி, ஆண் போலீஸ்காரர்கள் அந்தப் பெண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறார்கள். சட்டம் படித்த பெண்ணுக்கு, சட்டத்தைக் காக்கிறவர்கள் செய்த மரியாதை.

கோட்டூர்புரம் எஃப்ஐஆர் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். கேலரியைத் திறந்து 2024 டிசம்பர் கடைசி வாரத்துக்குப் போங்கள். இருந்தால், இந்தப் பக்கத்தைத் திருப்புவதற்கு முன்னால் அழித்துவிடுங்கள்.