குலுக்கலில் விழும் விசா

கேள்வி: ஓரிரு வருடம் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்ப, பட்டதாரி இளைஞர்களுக்கு நேர்வழி உண்டா? ‘விசா உறுதி’ என்று ஏஜென்ட் பணம் கேட்கிறாரே?

பதில்: நேர்வழி உண்டு, அதன் பெயர் குலுக்கல். அங்கே சிபாரிசு செல்லாது, மாமாவின் செல்வாக்கும் செல்லாது!

பிரிட்டன் 2023-இல் இந்தியர்களுக்காக ‘யங் புரொஃபஷனல்ஸ்’ திட்டத்தைத் தொடங்கியது. வயது 18 முதல் 30, கையில் பட்டம், வங்கியில் 2,530 பவுண்டு சேமிப்பு. ஆண்டுக்கு 3,000 இடங்கள். குலுக்கலில் சேரக் கட்டணம் இல்லை. தேர்வானால்தான் விசா கட்டணம், மருத்துவக் கட்டணம் எல்லாம். முன்கூட்டியே வேலை கிடைத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு வருடம் தங்கலாம். நீட்டிப்பு கிடையாது, குடும்பத்தையும் உடன் அழைத்துச்செல்ல முடியாது.

ஆஸ்திரேலியாவும் 2024-இல் கதவைத் திறந்தது. ஆண்டுக்கு 1,000 இடங்கள். குலுக்கல் பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்க்க முடியாது. ஊர் சுற்றத்தானே விசா!

பெயரைத் தேர்ந்தெடுப்பது கணினி. அதில் எந்த ஏஜென்ட்டுக்கும் பங்கில்லை. தம்பி, தங்கைகளே, அரசு இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யுங்கள். ‘உறுதி’ என்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.