தெரிந்தவர் பார்த்துவிட்டால்?

கேள்வி: என் கணவர் குடியை விட நினைக்கிறார். ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போகலாம் என்றால், "தெரிஞ்சவங்க யாராவது பார்த்துட்டா?" என்று தயங்குகிறார்.
– வாசகி, கேளம்பாக்கம்

பதில்: பார்க்கட்டுமே! அங்கே பார்ப்பவரும் குடியை விடத்தான் வந்திருப்பார். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியில் சிக்கிய இருவர் மனம்விட்டுப் பேசியதில் பிறந்த அமைப்பு இது. அதில் ஒருவர் டாக்டர்! கட்டணம் கிடையாது. விட வேண்டும் என்ற விருப்பம் போதும். உள்ளூரில் கூச்சமென்றால் சென்னை நகரக் கூட்டங்களுக்குப் போகலாம்.

ஒன்று மட்டும் முக்கியம். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். அடையாறு இந்திரா நகரில், 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய அறக்கட்டளையின் டி.டி.கே. மருத்துவமனை இதற்கென்றே இருக்கிறது.

குடும்பத்தாருக்கு அல்-அனான் கூட்டங்கள் உண்டு. அவர் கிளம்பும்வரை காத்திருக்காதீர்கள் அம்மா, நீங்கள் முதலில் போங்கள்.