வலி எக்ஸ்ரேயில் விழாது

கே: எனக்கு 45 வயது. இடுப்பு எக்ஸ்ரேயில் ‘எல்4–எல்5 இடைவெளி குறைந்துள்ளது, எலும்பு ஓரங்களில் முள் வளர்ந்துள்ளது, தேய்மானம்’ என்று எழுதியிருக்கிறது. என் முதுகு அவ்வளவுதானா?

ப: இல்லவே இல்லை. இடுப்பு முள்ளெலும்புகளில் நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவே இருக்கும் டிஸ்க், வயதாக ஆக நீர்ச்சத்து குறைந்து தட்டையாகிறது. எக்ஸ்ரேயில் டிஸ்க் தெரியாது. எலும்புகளின் இடைவெளியை வைத்துத்தான் அதைக் கணிக்கிறார்கள். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. இந்த இரண்டு எண்களையும் ரிப்போர்ட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு படியுங்கள்.

கே: அப்படியானால் என் வலி வெறும் மனப்பிரமையா?

ப: வலி நிஜம். ஆனால் அதற்குக் காரணம் இந்தத் தேய்மானம்தான் என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தசை, மூட்டு, நரம்பு, தூக்கமின்மை, மன அழுத்தம் எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. குனியச் சொல்லி, காலைத் தூக்கச் சொல்லி, தொட்டுப் பார்க்கும் டாக்டர் படம் காட்டாததையும் கண்டுபிடிப்பார்.

கே: ‘முதுகு வளைவு நேராகிவிட்டது’ என்றும் இருக்கிறதே?

ப: வலியில் தசை இறுகினாலும் அப்படித் தெரியும். படம் எடுக்கும்போது படுத்திருந்த விதத்தாலும் தெரியும்.

கே: கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் தேய்ந்தது வளருமா?

ப: வளராது. உயரம் குறைந்தது டிஸ்க்கில். எலும்பு வலுவிழப்பது வேறு நோய். அதை அளக்க டெக்ஸா ஸ்கேன் இருக்கிறது.

கே: இடுப்பு பெல்ட்?

ப: நாள்பட்ட இடுப்புவலிக்கு வழக்கமான சிகிச்சையாக பெல்ட் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. இழுவை சிகிச்சைக்கும் அதே பதில்தான்.

கே: “குனியாதே, தரையில் உட்காராதே, படுத்தே இரு” என்கிறார் மாமியார்.

ப: அக்கறையில் சொல்கிறார், ஆனால் நீங்கள் எழுந்து நடங்கள். படுக்கையிலேயே கிடந்தால் தசை வலுவிழக்கும், வலி நீளும். ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து, குழந்தையைத் தூக்குவதைக்கூட நிறுத்திவிட்டவர்களை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. தாங்கும் அளவுக்கு நடந்து, வாராவாரம் கொஞ்சம் கூட்டுங்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியை வலி குறைந்த பிறகும் விடாதீர்கள்.

கே: எப்போது நான் நிஜமாகவே பயப்பட வேண்டும்?

ப: காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், முன்பு புற்றுநோய் வந்திருத்தல், கீழே விழுந்தபின் தொடங்கிய வலி ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் பலமிழந்துகொண்டே போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்; அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.